அசையும் போஸ்டரில் கோளாறா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

கோயில் திருவிழா அறிவித்தல், பாடசாலைத் தமிழ்த்தின விழாவின் மேடைத் திரை, தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்க வருபவர்களுக்கான தொடுதிரை, தோட்டத்து வாழ்க்கையைச் சொல்லும் சிறு கண்காட்சி என்று இலங்கை மலையகத்தில் டிசைன் வேலை செய்பவர்களுக்கு வரும் வேலைகள் மாறிவிட்டன. அச்சுப் போஸ்டரோடு யாரும் நிற்பதில்லை. கொஞ்சம் ஆடவும் வேண்டும், சத்தமும் வரவேண்டும், தொட்டால் ஏதாவது நடக்கவும் வேண்டும். செய்து கொடுத்த மறுநாள் போன் வரும்: "தம்பி, ஏதோ ஒரு மாதிரி இருக்கு."

அந்த 'ஒரு மாதிரி' எங்கிருந்து வருகிறது என்று பிடிப்பதற்கே இந்தக் குறிப்புகள். எந்தப் புகார் வந்தாலும் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேளுங்கள். கடைசியாக, ஒலியும் அசைவும் இல்லாமல் தொடுகை மட்டும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். புகார் ஒன்றைப் பற்றி வரும், கோளாறு இன்னொன்றில் இருக்கும். "படம் மெதுவாக ஓடுது" என்பார்கள். போய்ப் பார்த்தால் ஒலி பிந்தி வருகிறது. இந்த மூன்றையும் தனித்தனியே முடித்துவிட்டுக் கடைசி இரவில் ஒன்றாக ஒட்டும் வேலைகளில்தான் பெரும்பாலான கோளாறுகளைக் காண்கிறேன்.

எழுத்து உடைந்து வருகிறது

இது நம் மொழிக்கே உரிய தலைவலி, அதனால் இங்கே சற்று நிற்கலாம். உடைப்பில் மூன்று வகை உண்டு, மூன்றுக்கும் மருந்து வேறு.

தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து வந்தால், மூல எழுத்து பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. இலங்கையில் அச்சகங்களும் அலுவலகங்களும் இன்னும் பாமினியை விடவில்லை. அந்த எழுத்துரு இல்லாத கணினியிலோ இணையப் பக்கத்திலோ அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யுனிகோடுக்கு மாற்றிவிட்டு, ஒருமுறை வரிவரியாகச் சரிபாருங்கள். மாற்றிகள் எண்களிலும் நிறுத்தற்குறிகளிலும் தடுமாறும். திருவிழாத் தேதி தப்பாகப் போனால் அதற்குப் பிறகு எந்த அனிமேஷனும் காப்பாற்றாது.

தமிழ் வருகிறது, ஆனால் 'கெ', 'கொ' போன்றவற்றில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது என்றால், மென்பொருளின் எழுத்து இயந்திரம் தமிழுக்கு ஏற்றதாக இல்லை. அசைவுப் படம் செய்யும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் விருப்பங்களுக்குள் டைப் பகுதியில் தெற்காசிய, மத்திய கிழக்கு எழுத்துகளுக்கான இயந்திரத்தைத் தெரிவு செய்து, மென்பொருளை மூடித் திறந்து, எழுத்தைப் புதிதாக இடுங்கள். உங்கள் பதிப்பு பழையது, அந்த வசதி இல்லை என்றால் இல்லஸ்ட்ரேட்டர், இன்க்ஸ்கேப் போன்ற வரைகலை மென்பொருளில் எழுத்தைச் சரியாக அமைத்து, வெறும் வடிவமாக மாற்றிக் கொண்டுவாருங்கள். வடிவமாகிவிட்டால் பிறகு திருத்த முடியாது, ஆகவே மூலக் கோப்பைத் தனியே வையுங்கள்.

மூன்றாவது வகைதான் ஆளை ஏமாற்றும். நிற்கும்போது எழுத்து சரியாக இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தாக விழும்படி அசைத்தால் உடைகிறது. புள்ளிபோட்ட வட்டத்தோடு ஒரு 'ொ' தனியே பறந்து வரும். காரணம், கணினிக்கு 'கொ' என்பது க, ொ என்ற இரண்டு குறியீடுகள். இணையப் பக்கமென்றால் ஜாவாஸ்கிரிப்டில் சொல்லைச் சாதாரணமாகப் பிரிக்காமல் இன்ட்ல் செக்மென்டர் (Intl.Segmenter) என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். மெய்யையும் உயிர்க்குறியையும் சேர்த்தே பிரித்துத் தரும். அப்போதும் 'க்ஷ', 'ஸ்ரீ' இரண்டும் பிரிந்தே வரும், அவற்றைக் கையால் சேர்க்க வேண்டும். ஸ்ரீ முத்துமாரியம்மன் என்று தொடங்கும் அறிவித்தல்கள் எத்தனை என்று நினைத்துப் பாருங்கள்! என்னைக் கேட்டால், தமிழில் எழுத்து எழுத்தாக அசைப்பதையே விட்டுவிட்டுச் சொல் சொல்லாக அசைப்பது நல்லது. நம் சொற்கள் நீளமானவை. ஒரு சொல் முழுதாக வந்து அமர்வதில் போதிய அசைவு இருக்கிறது.

வாசித்து முடிக்குமுன் மறைந்துவிடுகிறது

மும்மொழித் திரைகளில் இது கட்டாயம் வரும். ஆங்கில வரியை வைத்து நேரம் குறித்திருப்பார்கள். அதே நேரத்தில் அதைவிட நீளமான தமிழ் வரியும் ஓடி மறைய வேண்டும். அதிலும் தமிழைக் கீழே சிறிதாகப் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

நேரத்தை எப்போதும் மிக நீளமான மொழிக்குக் குறியுங்கள். நான் செய்வது: வரியை வாய்விட்டு, அவசரப்படாமல் இரண்டு தடவை வாசிப்பேன். அவ்வளவு நேரம் அது அசையாமல் நிற்க வேண்டும். உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் எடுக்கும் நேரம் இதில் சேராது. வாசகன் நின்ற எழுத்தைத்தான் வாசிக்கிறான், நகரும் எழுத்தை அல்ல. வயதானவர்கள் வரும் இடமென்றால் இன்னும் கூட்டுங்கள்.

அசைவு திக்குகிறது

முதலில் கோப்பை ஒவ்வொரு ஃபிரேமாக, அதாவது தனித்தனிப் படமாக, நகர்த்திப் பாருங்கள். அங்கே ஒழுங்காக இருந்தால் கோளாறு ஓட்டும் கருவியில். அங்கேயே தாவினால் கோப்பில்.

கோப்பில் என்றால், நொடிக்கு 25 ஃபிரேமில் எடுத்ததை 30 ஃபிரேம் டைம்லைனில் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒவ்வொரு ஐந்து ஃபிரேமுக்கும் ஒன்று இரட்டித்து, நொடிக்கு ஐந்து முறை சின்னதாகத் தட்டும். 25இல் எடுப்பதற்குக் காரணம் உண்டு: இலங்கையில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது டியூப் லைட் நொடிக்கு 100 தடவை மின்னுகிறது. மண்டபத்துக்குள் எடுக்கும் காட்சியை 25 ஃபிரேமிலும், ஷட்டரை நொடியில் 50இல் ஒன்று அல்லது 100இல் ஒன்று என்றும் வைத்தால் படத்தில் இருண்ட பட்டை ஓடாது. பல போன்கள் 30இல் எடுப்பதால் இந்தப் பிரச்சினை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

சுற்றிச் சுற்றி ஓடும் அசைவில் ஒரே இடத்தில் மட்டும் தடக்கென்று நின்றால், முதல் ஃபிரேமும் கடைசி ஃபிரேமும் ஒன்றாக இருக்கின்றன. கடைசியை வெட்டுங்கள்.

இணையப் பக்கத்தில், அதுவும் மலிவான போனில் மட்டும் திக்கினால், பொருளின் இடத்தையும் அகலத்தையும் நேரடியாக மாற்றுகிறீர்கள். அப்படி மாற்றும்போது உலாவி பக்கத்தின் அமைப்பையே ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கணக்குப் போட வேண்டும். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒன்றுக்குக் கிடைப்பது 16.7 மில்லி நொடிதான். டிரான்ஸ்ஃபார்ம் (நகர்த்தல், சுழற்றல்), ஒபாசிட்டி (ஒளிபுகாமை) இரண்டை மட்டும் அசையுங்கள்.

அசைகிறது, ஆனால் உயிர் இல்லை

இதற்குப் பிழைச் செய்தி எதுவும் வராது. கோப்பு சரி, போன் சரி, பார்ப்பவர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். இரண்டு காரணங்களைத் தேடுங்கள்: எல்லாம் ஒரே வேகத்தில் போகிறதா, எல்லாம் ஒரே நேரத்தில் தொடங்குகிறதா.

கொழுந்து பறிக்கும் கையை அசைக்கிறோம் என்று வையுங்கள். படத்தை இரண்டு கீஃபிரேமுக்கு (தொடக்க, முடிவு நிலைகளைக் குறிக்கும் புள்ளிகளுக்கு) இடையில் நேர்கோட்டில் விட்டால் கை செடிக்கும் கூடைக்கும் இடையே இயந்திரம்போல் போய்வரும். மலையில் நின்று ஒரு பெண்ணின் கைகளைப் பாருங்கள். இரண்டு கையும் வேலை செய்கின்றன, ஆனால் ஒன்றாக இல்லை. விரல்கள் இரண்டு இலையும் மொட்டும் இருக்கும் இடத்தில் சட்டென்று கிள்ளுகின்றன. அந்தக் கிள்ளல் மிகக் குறுகியது. உடனே அடுத்த கொழுந்து. கைப்பிடி நிறையும்வரை கூடைப் பக்கமே போவதில்லை. நிறைந்ததும் கை வளைந்து தோளுக்கு மேலாகப் போகிறது, முதுகுப் பக்கம் வீசுகிறது, திரும்பிப் பார்ப்பதில்லை. கண் ஏற்கெனவே அடுத்த செடியில்.

இதை டைம்லைனில் வைத்தால், 25 ஃபிரேம் கணக்கில், கிள்ளலுக்கு இரண்டு மூன்று ஃபிரேம், கிள்ளல்களுக்கு நடுவே ஒழுங்கில்லாத இடைவெளி, நாலைந்து கிள்ளலுக்குப் பிறகு நீளமான ஒரு வளைவு. அந்த வளைவு மெதுவாகத் தொடங்கி, தோளைக் கடக்கும்போது வேகமாகி, வீசிய இடத்தில் கொஞ்சம் தளர வேண்டும். வேகத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஈஸிங் என்ற பொத்தானை அழுத்துவது மட்டும் இதற்குப் போதாது. வேகத்தைக் கோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறந்து வளைவைக் கையால் இழுங்கள். ஒலியும் சேர்ப்பதென்றால் கிள்ளும் சத்தத்தைப் போடுங்கள், பின்னணி இசையை விட்டுவிடுங்கள். அந்தச் சின்ன முறியும் ஒலி சரியான ஃபிரேமில் விழுந்தால் இலை எடையுள்ளதாகத் தெரியும்.

மூடுபனி பட்டை பட்டையாகத் தெரிகிறது

நம் ஊர்ப் படங்களில் மூடுபனி இல்லாமல் முடியாது. சாம்பலிலிருந்து வெள்ளைக்குப் போகும் மெல்லிய மாற்றம்தான் அது. 8 பிட் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகளே உண்டு. திரை அகலத்துக்கு இருபது முப்பது படியை இழுத்து விரித்தால் கோடு தெரியத்தான் செய்யும். வேலையை 16 பிட்டில் செய்து, ஏற்றுமதிக்கு முன் பனியின் மேல் லேசான மணல்போன்ற இரைச்சலைப் போடுங்கள். வட்ஸ்அப் போன்றவை அழுத்தும்போது அந்த இரைச்சலையும் தின்றுவிடும், ஆகவே அங்கு போகும் பிரதியில் பனியின் பரப்பையே குறைத்து, நடுவில் ஒரு மரமோ லயத்துக் கூரையோ வரும்படி வையுங்கள். பட்டைக்கு இடம் கிடைக்காது.

வட்ஸ்அப்பில் அனுப்பியபின் எல்லாமே மங்கலாக இருந்தால், கோப்பை ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். அவ்வளவுதான்.

கணினியில் சத்தம் வருகிறது, போனில் வரவில்லை

பக்கம் திறந்தவுடன் ஒலி தொடங்க வேண்டும் என்று அமைத்திருந்தால் உலாவியே தடுக்கும். குரோமில் இது 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒலியில்லாத வீடியோ மட்டுமே தானாக ஓடும்; அதற்கும் மியூட்டட் என்ற குறிப்பு வேண்டும், ஐபோனுக்குப் பிளேஸ்இன்லைன் என்பதும் சேர வேண்டும், இல்லாவிட்டால் முழுத்திரைக்குத் தாவிவிடும். பார்ப்பவர் ஒருமுறை தொட்டபின்தான் ஒலிக்கு அனுமதி. இதைத் தடையாக நினைத்துக் குறுக்குவழி தேடாதீர்கள். "தொடுங்கள், தப்புப் பறை ஒலிக்கும்" என்று அந்த முதல் தொடுகையையே டிசைனின் தொடக்கமாக்குங்கள்.

ஐபோனில் மட்டும் மௌனம் என்றால் பக்கவாட்டு மௌனப் பொத்தானைப் பாருங்கள். வெப் ஆடியோ என்ற உலாவி வசதி வழியாக வரும் ஒலியை அது அடக்கிவிடும். எல்லாப் போனிலும் குரல் மட்டும் காணாமல் போய் இசை மட்டும் கேட்டால், ஸ்டீரியோவின் ஒரு பக்கம் தலைகீழாகப் பதிவாகியிருக்கிறது. ஒற்றை ஸ்பீக்கரில் இரு பக்கமும் சேரும்போது ஒன்றையொன்று அழிக்கின்றன. ஏற்றுமதிக்கு முன் ஒருமுறை மோனோவில், அதாவது இரு பக்கத்தையும் ஒன்றாக்கி, கேட்டுவிடுங்கள்.

தப்பு கேட்கிறது, உறுமி காணவில்லை

போனின் சின்ன ஸ்பீக்கரில் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி வேகமாகத் தேய்கிறது. தப்பில் குச்சி பட்டுத் தெறிக்கும் ஒலி மேலே இருப்பதால் தப்பிக்கிறது. உறுமி மேளத்தின் அடிவயிற்று முனகல் அப்படியே போய்விடுகிறது. சத்தத்தைக் கூட்டினால் தப்புதான் இன்னும் காதைக் குத்தும். உறுமித் தடத்தில் மட்டும் கொஞ்சம் சாச்சுரேஷன் (ஒலியை லேசாகச் சிதைக்கும் விளைவு) போட்டு அதன் மேல் இசைக்கூறுகளை (மூலச் சுருதியின் மடங்குகளான ஒலிகளை) எழுப்புங்கள். காது கீழ்ச்சுருதியைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும்.

இரவில் ஆடும் காமன் கூத்தின் பதிவுகளில் இன்னொன்று வரும்: வெட்டி ஒட்டிய இடத்தில் தப்பின் சுருதி மாறுகிறது. இது எடிட்டிங் பிழையே இல்லை. தப்பின் தோலை நெருப்பில் காய்ச்சித்தான் இறுக்குகிறார்கள். மாசி, பங்குனி இரவுக் குளிரில் அது தளரத் தளரச் சுருதி இறங்கும், மீண்டும் காய்ச்சுவார்கள். ஆகவே ஒரே காய்ச்சலுக்குள் அடித்த பகுதிகளையே ஒன்றோடொன்று ஒட்டுங்கள். சுருதியை மென்பொருளால் சமப்படுத்தப் பார்க்காதீர்கள், தோலின் குணமே போய்விடும்.

ஒலியும் படமும் ஒட்டவில்லை

ஒரு கேள்வியை முதலில் தீருங்கள்: இடைவெளி தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே அளவா, போகப் போகக் கூடுகிறதா?

ஒரே அளவு என்றால் கோளாறு எளிது. மலைநாட்டில் அதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. நாம் அடிக்கடி எதிர்ச்சரிவில் நின்று படம் எடுக்கிறோம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. 25 ஃபிரேம் கணக்கில் ஒரு ஃபிரேமுக்குள் 14 மீட்டர்கூட இல்லை. ஆட்டக்களம் 100 மீட்டர் தள்ளி இருந்தால், குச்சி விழுந்து ஏழு ஃபிரேம் கழித்துத்தான் சத்தம் உங்கள் போனுக்கு வருகிறது. நேரில் பார்க்கும்போது தூரம் தெரிவதால் மனம் ஏற்றுக்கொள்கிறது. ஸூம் செய்த படத்தில் ஆட்டக்காரர் பக்கத்தில் நிற்கிறார், ஒலி மட்டும் தூரத்தில் நிற்கிறது. ஒலித்தடத்தை அத்தனை ஃபிரேம் முன்னே இழுங்கள். இல்லாவிட்டால் களத்துக்கு அருகே ஒரு போனை ஒலிக்கு மட்டும் வைத்துவிடுங்கள். இரண்டாவது வழியில் காற்றிரைச்சலும் குறையும்.

எடிட் செய்த கணினியில் சரியாக இருந்து மண்டபத்தில் மட்டும் பிந்தினால், புளூடூத் ஸ்பீக்கரைச் சந்தேகியுங்கள். 100 முதல் 250 மில்லி நொடி வரை அது சாதாரணமாகப் பிந்தும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, ஒலி 45 மில்லி நொடி முந்தினாலோ 125 மில்லி நொடி பிந்தினாலோ மனிதர்களுக்குத் தெரியத் தொடங்கிவிடும். படத்தோடு ஓடும் இசைக்குப் புளூடூத்தைப் பொறுக்கலாம். தொட்டவுடன் ஒலிக்க வேண்டிய திரைக்கு வயரைத் தவிர வேறு வழி கிடையாது.

போகப் போகக் கூடுகிறது என்றால், போனில் எடுத்த வீடியோவின் ஃபிரேம் வேகம் நிலையாக இல்லாதிருக்கலாம். வெளிச்சம் குறையும்போது போன் தானே வேகத்தைக் குறைக்கும். எடிட்டிங்குக்கு முன் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றியில் நிலையான வேகத்துக்கு மாற்றுங்கள். 29.97, 30 ஃபிரேம் வேகங்கள் இரண்டும் கலந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் மூன்றரை நொடி விலகும்; ஒரு நிமிட வேலையில் அது தெரியாது, முழு இரவுக் கூத்தில் தெரியும். குரலே கீச்சென்றோ கனத்தோ கேட்டால் ஒலியின் மாதிரி வேகத்தில் (சாம்பிள் ரேட்) 44.1, 48 கிலோஹெர்ட்ஸ் குழப்பம். அதைத் தேடி நேரம் போக்க வேண்டியதில்லை, ஒலியின் அமைப்பை ஒருமுறை பார்த்தாலே தெரிந்துவிடும்.

தொட்டால் நடக்கவில்லை, தொடாமலே நடக்கிறது

மவுஸ் மேலே வந்தால் மாறும் என்று செய்த எதுவும் தொடுதிரையில் வேலை செய்யாது. பொத்தான் சிறிது என்றாலும் இதே புகார்தான் வரும். போன் திரைக்கு ஆப்பிள் குறைந்தது 44 பாயின்ட், கூகுள் 48 டிபி (இரண்டும் திரை அளவு அலகுகள்) என்கின்றன. பொது இடத்துத் திரைக்கு நான் 2 சென்டிமீட்டருக்குக் கீழே போவதில்லை. தொட்டு 100 மில்லி நொடிக்குள் ஏதாவது மாறவேண்டும், நிறமாவது. இல்லாவிட்டால் மறுபடியும் தொடுவார்கள், இரண்டு முறை ஓடும்.

தானாக இயங்குவதற்கு இங்கே வழக்கமான காரணம் ஈரம். காலையில் குளிர்ந்த கண்ணாடியில் நீர் படியும். அது விரல்போல மின்னூட்டத்தை மாற்றுகிறது. மழையில் நனைந்து வந்த கையும் அப்படியே. திரைக்குப் பக்கத்தில் ஒரு பருத்தித் துணியைத் தொங்கவிடுவது எந்த மென்பொருள் திருத்தத்தையும்விடப் பயன் தரும். தொடும் பொருளைக் கணினி விசையாக்கும் மேக்கி மேக்கி பலகையால் நிஜக் கூடையையோ தப்பையோ தொடுபொருளாக்கியிருந்தால், ஈரமான சீமெந்துத் தரையில் பலகையையும் வயரையும் வைக்காதீர்கள். அந்தப் பலகை தன்னை விசைப்பலகையாகக் காட்டிக்கொள்வதால், கையை எடுக்காமல் வைத்திருந்தால் ஒலி திக்கித் திக்கித் தொடங்கும். விசை திரும்பத் திரும்ப வருவதை நிரலில் புறக்கணியுங்கள்.

கரண்ட் போய் வந்தது, திரை கறுப்பு

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழை வரும் ஊரில் இதைத் திட்டத்தில் சேர்க்காமல் திரை வைக்கக் கூடாது. கணினியென்றால் மின்சாரம் வந்ததும் தானாக எழும்ப பயோஸில் (கணினியின் தொடக்க நிரலில்) அமைப்பு உண்டு. எழும்பியதும் உலாவி முழுத்திரையில் திறக்கும்படி வையுங்கள். ராஸ்ப்பெரி பை என்ற சிறு கணினி என்றால், அட்டையில் எழுதாமல் தடுக்கும் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை இயக்குங்கள், திடீரென்று அணைந்தாலும் அட்டை கெடாது. எல்லாக் கோப்பும் உள்ளேயே இருக்கட்டும். பள்ளத்தில் இருக்கும் தோட்டங்களில் சிக்னலை நம்பி ஒரு எழுத்துருவைக்கூட வெளியிலிருந்து எடுக்காதீர்கள்.

பார்த்தால் தலை சுற்றுகிறது

நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் எதையும் உடனே எடுத்துவிடுங்கள். வலிப்பு உள்ளவர்களுக்கு அது ஆபத்து. தானாகத் தொடங்கி ஐந்து நொடிக்கு மேல் அசைவதற்கு நிறுத்தும் வழி கொடுங்கள். போனில் அசைவைக் குறைக்கச் சொல்லி அமைத்திருப்பவருக்குப் பக்கமும் அசையாமல் வரவேண்டும்.

"சத்தத்தை நிறுத்துங்க" என்று பொறுப்பாளரே சொல்கிறார்

வருபவர் அந்த 40 நொடி ஒலியை ஒருமுறை கேட்டுவிட்டுப் போவார். அறையில் உட்கார்ந்திருக்கும் அக்கா எட்டு மணி நேர வேலையில் அதை 720 தடவை கேட்கிறார். முதல் வாரத்திலேயே ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிடுவார், அது முழுக்க நியாயம். யாராவது தொடும்போது மட்டும் ஒலிக்கட்டும். யாரும் இல்லாதபோது திரை அசையலாம், பேசக் கூடாது. குரல் விளக்கத்தை ஹெட்போனுக்கு மாற்றுங்கள். தகரக் கூரையில் மழை விழும்போது எந்த அளவில் வைத்தாலும் ஸ்பீக்கர் தோற்கும் என்பதால் அப்போதும் அதுவே கைகொடுக்கும். பேசும் எல்லா வரியும் திரையில் எழுத்தாகவும் வரட்டும். கடைசியாக, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழை மேசைக்கு உள்ளே ஒளித்து வைக்காமல் அந்த அக்காவின் கைக்கு எட்டும் இடத்தில் பொருத்தி, எப்படித் திருப்புவது என்று அவருக்குக் காட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.